மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் போய் தொட்டபெட்டா பார்த்துவிட்டு அன்றே திரும்ப முடியுமா?

கூவம்கரை எழுதியது:

வணக்கம். பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை இரவு சென்னையில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி, வெள்ளி இரவு அதே வண்டியில் திரும்பும்படி திட்டம். நடுவில் இருக்கும் ஒரு பகலில் ஊட்டி மலை ரயில், ஊட்டிக்குப் பக்கத்துத் தொட்டபெட்டா சிகரம் இரண்டும் வேண்டும். நால்வர்: பெரியவர்கள் மூவர், அதில் அம்மாவுக்கு வயது 68, பையனுக்கு 7. காலை 7.10 ரயிலில் ஏறினால் 11.55க்கு ஊட்டி, மதியம் 2 மணி ரயிலில் இறங்கினால் மாலை 5.35க்கு மேட்டுப்பாளையம் என்று அட்டவணை சொல்கிறது. இடையில் இரண்டு மணி நேரம் ஐந்து நிமிடம். இதற்குள் தொட்டபெட்டா போய் வரலாமா? ஊட்டியில் வேறு எதுவும் பார்க்க வேண்டாம்.

காட்டேரி ரோடு எழுதியது:

காகிதத்தில் முடியும், தரையில் முடியாது. கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஊட்டி நிலையத்தில் இறங்கி, கூட்டத்தோடு வெளியே வந்து, டாக்சி பேசி ஏற 15 நிமிடம். தொட்டபெட்டா ஏறக்குறைய 10 கி.மீ.; ஊருக்குள் சேரிங் கிராஸ் சந்திப்பு நெரிசலையும் சேர்த்தால் 30 முதல் 40 நிமிடம். கோத்தகிரி சாலையில் தொட்டபெட்டா ஜங்ஷன் வந்ததும் வலப்பக்கம் பிரிந்து 3 கி.மீ. குறுகலான ஏற்றம். வனத்துறை சோதனைச் சாவடியில் வண்டிகள் வரிசை கட்டினால் அங்கேயே கால் மணி போகும். வண்டியை நிறுத்திவிட்டுக் காட்சிமுனைக்கு ஏறி நடக்க, வயதானவரோடு என்றால் 10 நிமிடம். மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. திரும்ப 40 நிமிடம், ரயிலுக்கு 15 நிமிடம் முன்னால் நிற்க வேண்டும் என்றால் 1.05க்கே கீழே கிளம்ப வேண்டும். அதாவது மேலே போனதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு இறங்க வேண்டியதுதான்.

இது ரயில் சரியாக 11.55க்கு வந்தால். ஏறும் ரயில் 20, 30 நிமிடம் தாமதமாவது சர்வ சாதாரணம். நீலகிரி எக்ஸ்பிரஸ் தாமதமானால் அதில் வரும் பயணிகளுக்காக மலை ரயிலும் பொதுவாகக் காத்திருக்கும். அந்தத் தாமதம் அப்படியே உங்கள் தலையில் விழும்.

பல்சட்டம் எழுதியது:

ஒரு சின்னத் திருத்தம். மதியம் 2 மணிக்குக் கிளம்புவது பெரும்பாலும் காலையில் மேலே வந்த அதே பெட்டிகள்தான். வருவதே 12.45 என்றால் புறப்பாடும் தள்ளிப் போக வாய்ப்பு உண்டு. ஆனால் அதை நம்பித் திட்டம் போடக் கூடாது என்பதில் காட்டேரி ரோடு சொல்வதுதான் சரி. இறங்கும் வண்டி இருட்டுவதற்குள் பல்சட்டப் பகுதியை (தண்டவாளங்களுக்கு நடுவில் பல் வைத்த சட்டம் உள்ள செங்குத்தான பகுதி) தாண்டிவிட வேண்டும் என்று வேகமாகத் திருப்புவார்கள்.

ரயில் எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள்: ஏறுவது 56136, இறங்குவது 56137. கொரோனாவுக்குப் பிறகு கொஞ்ச காலம் 06136, 06137 என்று ஓடின. பழைய வலைப்பக்கங்களில் இன்னும் அந்த எண்தான் இருக்கும். நிலையக் குறியீடு மேட்டுப்பாளையத்துக்கு எம்.டி.பி., குன்னூருக்கு ஓ.என்.ஆர்., ஊட்டிக்கு யு.ஏ.எம். 'ஊட்டி' என்று தேடினால் வராமல் போகலாம், 'உதகமண்டலம்' என்று தேடுங்கள்.

ஒரசோலை எழுதியது:

நேரத்தை விடுங்க, மேகத்தைப் பத்தி ஒருத்தரும் பேசலையே. தொட்டபெட்டா 2637 மீட்டர். மத்தியானம் ஒரு மணிக்கு அங்க போய் என்னத்தைப் பார்ப்பீங்க?

காலையில காத்து அசையாம இருக்கும். பனி கீழே பள்ளத்தாக்குல தங்கிடும், உச்சி தெளிவா இருக்கும். வெயில் ஏற ஏற சரிவெல்லாம் சூடாகி, ஈரக் காத்து மேல ஏறும். ஏறினதும் குளிர்ந்து மேகமாயிடும். அந்த மேகம் முதல்ல வந்து உட்கார்ற இடமே உயரமான உச்சிதான். பிப்ரவரியில 11 மணி வரைக்கும் நம்பலாம், சில நாள் மதியம் வரைக்கும்கூடத் தெளிவா இருக்கும். ஏப்ரல், மே-ல மத்தியானம் இடி மழை. ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் தென்மேற்குப் பருவம், நாள் முழுக்க வெள்ளைச் சுவர்தான். அக்டோபர், நவம்பர்ல மழையோட மண்சரிவும் சேர்ந்துக்கும்.

அதனால காலையில உச்சி, மத்தியானம் ரயில். தலைகீழாப் போடாதீங்க. பஸ்ல ஏறுங்க, ரயில்ல இறங்குங்க.

கூவம்கரை எழுதியது:

பஸ்ஸில் ஏறினால் எத்தனை மணிக்குப் போய்ச் சேரலாம்? நீலகிரி எக்ஸ்பிரஸ் காலை 6.20 வாக்கில் மேட்டுப்பாளையம். அம்மாவுக்கு வளைவுகளில் தலைசுற்றல் உண்டு. அதற்காகத்தான் ரயிலே யோசித்தோம்.

காட்டேரி ரோடு எழுதியது:

மேட்டுப்பாளையம் ரயில் நிலையத்திலிருந்து பேருந்து நிலையம் நடக்கும் தூரம்தான். முகம் கழுவி, ஒரு காபி குடித்துவிட்டு 6.45, 7 மணிக்கு ஊட்டி பஸ் ஏறலாம். குன்னூர் வழி 51 கி.மீ., இரண்டரை மணி நேரம். 9.15லிருந்து 9.30க்குள் ஊட்டி. பேருந்து நிலையமும் ரயில் நிலையமும் பக்கத்துப் பக்கத்தில். அங்கேயே உள்ளூர் டாக்சி. 10.15க்குத் தொட்டபெட்டா உச்சி. ஒரு மணி நேரம் இருந்தாலும் 12க்கு ஊருக்குள் வந்துவிடலாம். சாப்பிட்டுவிட்டு 1.30க்கு நிலையம். 5.35க்கு மேட்டுப்பாளையம். சென்னை வண்டி இரவு 9.20 அளவில். தாமதத்துக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் மூன்றே முக்கால் மணி நேரம் கையில் இருக்கிறது. (டிக்கெட்டில் இருக்கும் நேரத்தைப் பாருங்கள், அட்டவணை மாறும்.)

தலைசுற்றல்: கல்லாறு தாண்டியதும் குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள். ஏறுவதற்கு அரை மணி முன்னால் மருத்துவர் சொல்லும் வாந்தி மாத்திரை, வெறும் வயிறும் வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம். இட்லி இரண்டு போதும். ஓட்டுநருக்குப் பின்னால் இரண்டாவது, மூன்றாவது வரிசை. பின் அச்சுக்கு மேலே இருக்கும் இருக்கைகளில் ஆட்டம் அதிகம். கைப்பேசியைப் பார்க்காமல் சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தாலே பாதி சரியாகும்.

ஒரசோலை எழுதியது:

இன்னொரு வழி இருக்குதுங்க. கோத்தகிரி வழியா. மேட்டுப்பாளையத்துல இருந்து கோத்தகிரி 33 கி.மீ., ஒன்னேகால் மணி நேரம். இந்த ரோட்டுல வளைவு இருக்குது, ஆனா குன்னூர் ரோடு மாதிரி அடுத்தடுத்து மடக்கி மடக்கி வராது. தலைசுத்தறவங்களுக்கு இது மேல். கோத்தகிரியில இறங்கி ஊட்டி பஸ் மாறுங்க. அந்த பஸ் ஊட்டிக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே தொட்டபெட்டா ஜங்ஷன் வழியாத்தான் போகுது. அங்கேயே இறங்கிட்டா ஊட்டிக்குப் போய்த் திரும்ப வர்ற வேலை மிச்சம்.

ஜங்ஷன்ல இருந்து 3 கி.மீ. மேல. வாலிபப் பசங்க முக்கால் மணி, ஒரு மணி நேரத்துல நடந்துடுவாங்க. உங்க அம்மாவுக்கும் குழந்தைக்கும் வேண்டாம். வெள்ளிக்கிழமை காலையில அங்க வண்டி கிடைக்கும்னு உறுதியா சொல்ல முடியாது. அதனால உங்க நாலு பேருக்கு நேரா ஊட்டி போய் டாக்சி எடுக்கறதுதான் சரி. இது மத்தவங்களுக்காகச் சொன்னேன். நடக்கறவங்க சாவடியில கேட்டுட்டு நடங்க. அந்த ரோட்டோரம் காட்டுமாடு மேயும். தனியா நிக்கற ஆண் மாடுதான் ஆபத்து. செல்ஃபிக்கு நெருங்காதீங்க.

முத்துநகர் எழுதியது:

இவ்வளவு எதற்கு? மேட்டுப்பாளையத்திலேயே ஒரு கார் பிடித்தால் முடிந்தது.

காட்டேரி ரோடு எழுதியது:

முத்துநகர், இ-பாஸ் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். 2024 மே 7 முதல், உயர் நீதிமன்ற உத்தரவின்படி, நீலகிரிக்குள் நுழையும் வெளி வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். 2025 கோடையில் நாள் ஒன்றுக்கு 6000, வார இறுதியில் 8000 வண்டிகள் என்று உச்சவரம்பும் வந்தது. அரசுப் பேருந்தில் போகிறவருக்கும் ரயிலில் போகிறவருக்கும் இந்தக் கவலையே இல்லை. டி.என். 43 பதிவுள்ள உள்ளூர் டாக்சியை ஊட்டியில் எடுத்தாலும் பாஸ் வேண்டாம். மேட்டுப்பாளையத்தில் ஏறும் காருக்கு ஓட்டுநரிடம் பாஸ் இருக்கிறதா என்று ஏறுவதற்கு முன்பே பார்க்க வேண்டும். கல்லாற்றுச் சாவடியிலோ குஞ்சப்பனைச் சாவடியிலோ நிறுத்திய பிறகு பேசிப் பயனில்லை.

கோடை சீசனில் இன்னொன்று: மேலே ஏறும் சுற்றுலா வண்டிகள் குன்னூர் வழி, இறங்குபவை கோத்தகிரி வழி என்று ஒருவழிப் பாதை ஆக்கிவிடுவார்கள். பிப்ரவரியில் அது இருக்காது.

பல்சட்டம் எழுதியது:

எல்லோரும் சேர்ந்து அவரை இறங்கும் ரயிலில் ஏற்றிவிட்டீர்கள். ஏறும் ரயிலின் அருமையையும் யாராவது சொல்ல வேண்டாமா?

மேட்டுப்பாளையம் 326 மீட்டர், குன்னூர் 1712, ஊட்டி 2203. 46 கி.மீ. பாதை. இதில் கல்லாறு வரை ஏழரை கி.மீ. சமதளம், சாதாரண ரயில். கல்லாற்றைத் தாண்டியதும் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவில் பல்சட்டம் தொடங்கும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சட்டங்கள். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதற்கு இடைவெளி. இதனால் இன்ஜினின் பல்சக்கரத்தில் எப்போதும் ஒரு பல்லாவது முழுமையாகக் கவ்விக்கொண்டிருக்கும். மிகச் செங்குத்தான இடத்தில் 12.5 அடிக்கு ஓர் அடி ஏற்றம். டார்ஜிலிங் ரயிலில் பல்சட்டம் கிடையாது. அங்கே வளையங்களும் முன்னும் பின்னுமான திருப்பங்களும்தான் உயரத்தைச் சமாளிக்கின்றன.

இன்ஜின் 'எக்ஸ்' வகுப்பு, சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் தொழிற்சாலை வடிவமைப்பு. பின்னாளில் திருச்சி பொன்மலைப் பணிமனையிலும் கட்டினார்கள். நான்கு சிலிண்டர். மேலே உள்ள இரண்டு, கீழே உள்ள இரண்டு என்று தனித்தனியாக இயங்குவதைப் பக்கவாட்டில் நின்றால் கண்ணாலேயே பார்க்கலாம். சமதளத்தில் ஒரு ஜோடி மட்டும் சக்கரத்தைச் சுழற்றும். பல்சட்டத்துக்கு வந்ததும் அதில் வேலை செய்து வெளியேறும் நீராவி வீணாகாமல் இன்னொரு ஜோடிக்குப் போய்ப் பல்சக்கரத்தைச் சுழற்றும். அந்த இடத்தில் சத்தமே மாறும்; ஒரே சீரான புகைத்தட்டல் இரண்டு தாளமாகப் பிரிந்து, சேர்ந்து, மறுபடி பிரியும்.

குன்னூர் வரை இன்ஜின் எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான். ஏறும்போது பின்னாலிருந்து தள்ளும், இறங்கும்போது முன்னால் நின்று தாங்கும். கொக்கி அறுந்தாலும் பெட்டிகள் இன்ஜின்மேல் சாய்ந்து நிற்க வேண்டும், தனியாக உருண்டு ஓடிவிடக் கூடாது என்பதற்காக. ஆகவே ஏறும் ரயிலில் முதல் பெட்டிக்கு முன்னால் எதுவுமே இல்லை. பாதை நேராகத் தெரியும். அது பெரும்பாலும் முதல் வகுப்பு. இறங்கும்போது அந்தக் காட்சி கிடையாது.

பிரேக்ஸ்மேன்களைக் கவனியுங்கள். ஒவ்வொரு பெட்டியின் மேடையிலும் ஒருவர் நின்று, கொடியைக் காட்டிக்கொண்டு, கைப்பிடியால் பிரேக்கை இயக்குவார். பல்சட்டப் பகுதியில் வேகம் மணிக்கு 13 கி.மீ. மட்டும். ஏற 4 மணி 45 நிமிடம், இறங்க 3 மணி 35 நிமிடம் ஆவது இதனால்தான்.

கூவம்கரை எழுதியது:

இறங்கும்போது நீராவி இன்ஜின் கிடையாதா? ஊட்டியில் டீசல் என்று படித்தேன்.

பல்சட்டம் எழுதியது:

ஊட்டிக்கும் குன்னூருக்கும் இடையே டீசல், பல்சட்டம் இல்லை, 25க்கு 1 ஏற்றம். குன்னூரில் இன்ஜின் மாற்றுவார்கள். அங்கிருந்து மேட்டுப்பாளையம் வரை நீராவி. இறங்கும்போதும் அதே எக்ஸ் இன்ஜின்தான், ஆனால் அது இழுக்காது, பிடித்து நிறுத்தும். சிலிண்டருக்குள் காற்றை இழுத்து அமுக்கி, அந்த எதிர் அழுத்தத்தாலேயே வேகத்தைக் கட்டுப்படுத்துவார்கள். பிரேக் கட்டைகளை மட்டும் நம்பினால் 20 கி.மீ. சரிவில் அவை சூடேறித் தேய்ந்துவிடும். ஆக நீராவி அனுபவம் இறங்கும்போதும் உண்டு. முக்கும் சத்தம்தான் இருக்காது.

குன்னூரில் இன்ஜின் மாற்றம் நடக்கும்போது இறங்கிப் பையனுக்குக் காட்டுங்கள். அந்தப் பத்து நிமிடம் ஊட்டியில் எந்தப் பூங்காவையும்விட அவனுக்குப் பிடிக்கும். விசில் அடித்ததும் ஏறிவிட வேண்டும்.

பேக்கரி சந்து எழுதியது:

ரயில்தான் முக்கியம், இரண்டு பக்கமும் ரயிலில்தான் போவேன் என்பவர்களுக்கு ஊட்டி வரை போகாத ஒரு திட்டம் இருக்கிறது. ஏறும் ரயில் 10.30 அளவில் குன்னூர் வந்துவிடும். அங்கே இறங்கிவிடுங்கள். இறங்கும் ரயில் மாலை 3 மணிக்குமேல்தான் குன்னூர் வரும். நாலரை மணி நேரம். டால்பின் நோஸ், லேம்ப்ஸ் ராக் என்ற காட்சிமுனைகள் இரண்டும் ஒரே சாலையில், டாக்சியில் நிதானமாகப் போய் வரலாம். எதிர் மலையில் கேத்தரின் அருவி தெரியும். டிக்கெட்டை மேட்டுப்பாளையம்–குன்னூர், குன்னூர்–மேட்டுப்பாளையம் என்று தனித்தனியாகப் போடுங்கள். பல்சட்டப் பகுதி முழுவதும் இதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது, எதையும் இழக்கவில்லை.

ஒரசோலை எழுதியது:

நல்ல யோசனைதான். ஆனா டால்பின் நோஸ் குன்னூரைவிடத் தாழ்வு. உயரமான இடத்துல நின்னு சுத்தி நாலு பக்கமும் பார்க்கணும்னா தொட்டபெட்டாவுக்கு ஈடு இல்லை. டால்பின் நோஸ்ல ஒரு பக்கம்தான் பார்வை, ஆனா அந்தப் பள்ளம் கிடுகிடு பள்ளம். மேகம் உச்சியில உட்கார்ந்த நாள்ல டால்பின் நோஸ் மேகத்துக்குக் கீழ இருக்கும், அதுவே லாபமாப் போயிடும். பராமரிப்புன்னு மூடி வெக்கற காலமும் உண்டு, டாக்சிக்காரர்கிட்ட முதல்லயே கேட்டுக்கோங்க.

கூவம்கரை எழுதியது:

தெளிவாகிவிட்டது. எங்களுக்குத் தொட்டபெட்டாதான் முதலில், ஆகவே பஸ்ஸில் ஏறி ரயிலில் இறங்குகிறோம். டிக்கெட் எப்போது போட வேண்டும்? முதல் வகுப்பு தேவையா?

காட்டேரி ரோடு எழுதியது:

60 நாளுக்கு முன்பு முன்பதிவு திறக்கும், காலை 8 மணி. ஏறும் ரயில் அன்றே தீர்ந்துவிடும். சென்னை வண்டியோடு சேர்த்துப் போடுகிறவர்கள் அத்தனை பேர். இறங்கும் ரயிலில் இடம் கிடைப்பது பொதுவாகக் கொஞ்சம் சுலபம், ஆனால் வெள்ளி, சனி, ஞாயிறு என்றால் அதே வேகத்தில் போடுங்கள்.

காத்திருப்புப் பட்டியலை நம்பிப் போகாதீர்கள். சார்ட் (இறுதிப் பயணிகள் பட்டியல்) தயாரான பிறகும் முழுதாகக் காத்திருப்பிலேயே இருந்தால் இணைய டிக்கெட் தானாக ரத்தாகிப் பணம் திரும்பும். அதை வைத்துக்கொண்டு ஏற முடியாது. பெட்டி சின்னது, நின்று போகவும் இடமில்லை. முன்பதிவில்லாத இருக்கை சிலவற்றுக்கு நிலையத்தில் வரிசை நிற்கும். தனி ஆளாகப் போகிறவர் முயலலாம், நால்வருக்கு வேலைக்காகாது.

முதல் வகுப்பில் இருக்கை மெத்தை நன்றாக இருக்கும், ஆட்களும் குறைவு. இரண்டாம் வகுப்பில் எதிரெதிர் பெஞ்சு, முழங்கால் இடிக்கும். மூன்றரை மணி நேரத்துக்கு 68 வயதுக்காரருக்கு முதல் வகுப்பு போடுங்கள் என்றே சொல்வேன். ஜன்னலோரம் வேண்டும் என்று விருப்பம் குறிக்கலாம், உறுதி கிடையாது. எந்தப் பக்கம் நல்லது என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். 208 வளைவு உள்ள பாதையில் பள்ளம் பக்கம் மாறிக்கொண்டேதான் இருக்கும், அதைப் பற்றி அலட்டிக்கொள்ள வேண்டாம்.

முக்கியமானது: பெட்டிகளில் கழிப்பறை கிடையாது. ஊட்டி நிலையத்தில் போய்விட்டு ஏறுங்கள். அடுத்து குன்னூர், அதன் பிறகு ஹில்குரோவ். பெரிய சூட்கேஸ் வைக்கவும் இடமில்லை. தோள் பை போதும்.

பேக்கரி சந்து எழுதியது:

ஹில்குரோவில் இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க நிற்கும். குரங்குகள் அங்கே தயாராக இருக்கும். கையில் வடை, பிஸ்கட் பொட்டலம் எதுவும் வெளியே தெரியக் கூடாது. ஜன்னல் வழியாகவே பிடுங்கும். குழந்தை கையில் தின்பண்டம் கொடுத்து ஜன்னலோரம் உட்கார வைப்பதைப் போல் தப்பு வேறில்லை. வர்க்கி (ஊட்டியின் மொறுமொறு பேக்கரிப் பண்டம்) வாங்கினால் பைக்குள் அடியில் வையுங்கள்.

தண்ணீர்: மாவட்டத்துக்குள் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை, 1 லிட்டர், 2 லிட்டர் பாட்டிலும் அதில் சேரும். சாவடியில் பிடுங்கி, அபராதமும் போடுவார்கள். எவர்சில்வர் பாட்டிலில் கொண்டுபோங்கள். ஊரில் தண்ணீர் ஏ.டி.எம். இருக்கிறது, நிரப்பிக்கொள்ளலாம்.

முத்துநகர் எழுதியது:

சரி, தொட்டபெட்டா மேலே மூச்சுத் திணறுமா? குளிர் எப்படி?

ஒரசோலை எழுதியது:

திணறல்னு சொல்ற அளவுக்கு இல்லைங்க. 2637 மீட்டர்ல காத்தழுத்தம் கடல் மட்டத்துல இருக்கறதுல முக்கால் பங்குக்கும் சித்த கம்மி. படி ஏறும்போது இளைக்கும், நின்னு நின்னு ஏறினா சரியாயிடும். இதயம், நுரையீரல் தொந்தரவு இருக்கறவங்க மருத்துவரைக் கேட்டுட்டு வரணும். சிப்ஸ் பொட்டலம் பலூன் மாதிரி உப்பிப் போய் நிக்கும், அதைப் பார்த்தே பையனுக்குப் பாடம் சொல்லிடலாம்.

குளிர்: ஆயிரம் மீட்டர் ஏறினா ஆறு, ஆறரை டிகிரி குறையும். மேட்டுப்பாளையத்துக்கும் உச்சிக்கும் 2300 மீட்டர் வித்தியாசம், ஆக 15 டிகிரி கழிச்சுக்கோங்க. கீழ 22னா மேல 7. அதுக்கு மேல காத்து. ஒரே தடிச்ச ஸ்வெட்டரைவிட ரெண்டு மூணு மெலிசா அடுக்கிப் போடறதுதான் உதவும். மத்தியானம் ரயில் இறங்க இறங்க ஒவ்வொண்ணாக் கழட்ட வேண்டி வரும், மேட்டுப்பாளையத்துல வேர்த்து ஊத்தும். அம்மாவுக்குக் காதை மூடற மாதிரி மஃப்ளர். வெயில் குளிரோட சேர்ந்து அடிக்கறதால தெரியாது, ஆனா முகம் கறுத்துடும், தொப்பி போடுங்க.

தொலைநோக்கி இல்லம் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்துறது; தனிச் சீட்டு. மேகம் இருந்தா அந்தச் சீட்டு வாங்காதீங்க, வெள்ளையைத்தான் பெருசாக் காட்டும். தெளிவா இருந்தா ஊட்டி ஊரு, கேத்திப் பள்ளத்தாக்கு, குன்னூர்ப் பக்கம், தூரத்துல கோவைச் சமவெளி வரைக்கும் கிடைக்கும்.

இன்னொண்ணு, தமிழ்நாட்டுல இதுதான் உயரம். தென்னிந்தியாவுலயே இதுதான்னு சில கைடு சொல்வாங்க, நம்பாதீங்க. கேரளத்து ஆனைமுடி 2695.

பல்சட்டம் எழுதியது:

காலையில் கிளம்புவதற்கு முன் டாக்சிக்காரர் யாருக்காவது அழைத்து தொட்டபெட்டா திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். சாலைப் பணி, விலங்கு நடமாட்டம் என்று வனத்துறை திடீரென மூடும் நாட்கள் உண்டு. மூடியிருந்தால் பேக்கரி சந்து சொன்ன திட்டத்துக்கு மாறலாம்: பஸ்ஸில் குன்னூரிலேயே இறங்கி, டால்பின் நோஸ் பார்த்துவிட்டு, மதியம் குன்னூரிலிருந்து ஊட்டிக்கு ஷட்டில் ரயில் கிடைத்தால் ஒரு சுற்று. ஆனால் ஊட்டிக்குப் போகாமல் குன்னூரிலேயே ஏறுவதானால், உங்கள் டிக்கெட் ஊட்டியிலிருந்து என்றால் ஏறும் நிலையத்தைக் குன்னூர் என்று மாற்றிவிட வேண்டும். அதை முன்கூட்டியே இணையத்தில் செய்ய வேண்டும். மாற்றாமல் நடுவழியில் ஏறினால் உங்கள் இருக்கையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடலாம்.

கூவம்கரை எழுதியது:

கடைசிக் கேள்வி. ரயிலே ரத்தானால்?

காட்டேரி ரோடு எழுதியது:

பிப்ரவரியில் அரிது. மழைக்காலத்தில் கல்லாறு–குன்னூர் இடையே பாறையோ மரமோ விழுந்து நாள் கணக்கில் ரத்தாகும். அப்போதும் குன்னூர்–ஊட்டி ஷட்டில் பெரும்பாலும் ஓடும். மே முதல் பலாப்பழக் காலத்தில் கல்லாறு, பர்லியார் பக்கம் யானைகள் இறங்கும். தண்டவாளத்தில் கூட்டம் நின்றால் அவை போகும்வரை ரயில் நிற்கும், விசிலடித்து விரட்ட மாட்டார்கள்.

முழுதாக ரத்தானால் இணைய டிக்கெட்டுக்குப் பணம் தானாகத் திரும்பும், நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். பாதி வழியில் நிறுத்திவிட்டால் டி.டி.ஆர். (பணம் திரும்பக் கேட்கும் விண்ணப்பம்) போட வேண்டும்; அன்றே போடுங்கள், தள்ளிப்போட்டால் காலக்கெடு போய்விடும். குன்னூரில் நிறுத்தினால் பேருந்து நிலையம் பக்கம்தான், மேட்டுப்பாளையத்துக்கு இரவு வரை பஸ் உண்டு, ஒன்றரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடும். 9.20 வண்டியைத் தவறவிட மாட்டீர்கள்.

சென்னையிலிருந்து வந்து ஏறும் ரயிலைப் பிடிக்கிறவர்களுக்கு மட்டும் ஒன்று: இரண்டு டிக்கெட்டின் பி.என்.ஆரையும் (முன்பதிவு எண்) இணையத்தில் இணைத்துவையுங்கள். பெயர் விவரங்கள் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் வண்டி தாமதமாகி மலை ரயிலைத் தவறவிட்டால் அப்போதுதான் இரண்டாவதற்குப் பிடித்தமில்லாமல் பணம் கேட்க முடியும். தனித்தனியாகக் கிடந்தால் ஒரு ரூபாய்கூட வராது.

ஒரசோலை எழுதியது:

மதியச் சாப்பாட்டை 12.45க்குள்ள முடிச்சிடுங்க. ஒரு மணிக்கு மேல ஊட்டி ஓட்டல்ல இலை கிடைக்கவே அரை மணி ஆகும், வெள்ளிக்கிழமை கேட்கவே வேண்டாம்.